இருபத்தைந்தும் முப்பதும்

ஒரு பத்து நிமிஷத்தை இந்த உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று வீடியோ பகலவன் முடிவெடுத்தபோது செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்று. மனைவி குணசுந்தரி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாக ஷண்டிங் அடித்துக்கொண்டிருந்தது. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் அவனைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் போட்டான். அந்தப் பத்து நிமிஷம் அப்படிப்பட்டது.

கொருக்குப்பேட்டையில் ரயில் லைனை ஒட்டிய சந்தில் முன்ரூம் ஸ்டுடியோ, பின்ரூம் சம்சாரம் என்று பன்னிரண்டு வருஷமாகத் தொழில் செய்கிறவன் பகலவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீர், கட்சி ஊர்வலம், காசிமேட்டில் புதுப் படகு தண்ணீரில் இறங்குவது, எதுவானாலும் எடுப்பான். கேமராவைப் பிடித்தால் கை ஆடாது. அவன் தோளில் ஒரு கிளாஸ் டீயை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாது. ஆடுவதெல்லாம் வாய்தான்.

குணசுந்தரி தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கண்ணைத் தாண்டித்தான் கப்பல் ஏறும். பொத்தான் காஜா கோணலாக இருந்தால் இரண்டு மேஜைக்கு அப்பாலிருந்தே கண்டுபிடிப்பாள். அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரும் வசதி இல்லாததால், வீட்டுக்கும் அதே கண்ணோடுதான் வருவாள்.

அவளுடைய தங்கை மதியின் கல்யாணம் அந்த வருஷம், 2004 ஏப்ரலில், திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாலை மாற்றுகிற கல்யாணம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, புகையில் கண் எரிவது கிடையாது. அதற்குப் பதிலாக வாழ்த்துரை உண்டு. பதினான்கு பேர் வாழ்த்தினார்கள். மூன்றாவது ஆள் எழுந்து "சுருக்கமாக" என்று ஆரம்பித்ததும் பகலவனுக்குப் புரிந்துவிட்டது. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, மேடையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, டீ குடிக்கப் பின்கட்டுக்குப் போனான்.

பின்கட்டில் சமையல்காரர்கள், வேலையில்லாத சொந்தக்காரர்கள் என்று நல்ல கூட்டம். கூட்டத்தைப் பார்த்ததும் பகலவனின் வாய்க்கு அரிப்பெடுத்தது. காலையிலிருந்து பெண் வீட்டுக்காரியாக மண்டபத்தை மேய்த்துக்கொண்டிருந்தாள் குணசுந்தரி. பகலவன் தன் தோளில் கிடந்த துண்டை முந்தானையாக்கி இழுத்துச் செருகினான். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டான். இடுப்பில் ஒரு கை. அவ்வளவுதான், யாரைப்போல் நடிக்கிறான் என்று பேர்கூடச் சொல்லவில்லை. "யாருப்பா அது எல போட்டது? நுனி எந்த பக்கம் கீது? கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று ஆரம்பித்தான். பத்து நிமிஷம் ஓடியது. சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர் கிளறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வாழை இலைக் கட்டுகளுக்குப் பின்னால் அவனுடைய மச்சான் அன்பரசன் கேமராவோடு நின்றதை மட்டும் அவன் கவனிக்கவில்லை.

அன்பரசன் குணசுந்தரிக்குத் தம்பி. கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஏதோ ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கி உள்ளங்கையில் அடங்குகிற கேமரா ஒன்று வாங்கி வந்திருந்தான். கல்யாணம் முழுக்க அதோடு அலைந்தான். பத்து நாள் கழித்துக் கப்பலுக்குப் போகும்போது, ஒரு மணி நேர டேப்பை மாமன் கையில் கொடுத்தான்.

"மாமா, ஒன் டேப்பையும் என் டேப்பையும் கலந்து ஒரே சிடியா போட்டுடு. என்னுதுல ஒரு நிமிஷங்கூட வெட்டாத. நைனா சிரிச்சத புட்ச்சி வெச்சிகீறேன்."

நைனா என்றால் கிருஷ்ணப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி போனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. காபி நன்றாக இருந்தாலும் தலையாட்டுவார், கிரிக்கெட்டில் ஜெயித்தாலும் தலையாட்டுவார். அவ்வளவுதான். அதனால் அன்பரசன் சொன்னதைக் கேட்டதும் குணசுந்தரி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், எது வருதோ இல்லியோ, நைனா சிரிக்கிறது சிடில வந்தே ஆவணும்."

"வரும் குணா. தொழில்காரன்கிட்ட சொல்ற."

இரண்டு வாரம் ஆயிற்று. சிடி வரவில்லை.

"இன்னாய்யா அந்தப் பொட்டியையே மொறச்சி பாத்துகினு கீற? எப்பதான் முடியும்?"

"பிரேம் ரேட்டு பேஜாரா கீது குணா."

"எந்த பிரேமா?"

"பிரேமா இல்ல. பிரேம். பிரேம் ரேட்டு."

"அவளுக்கு இன்னாத்துக்கு ரேட்டு? யாரு அவ? கல்யாணத்துக்கு வந்தவளா?"

பகலவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து விளக்கினான்.

"தோ பாரு. வீடியோன்றது வேற ஒண்ணுமில்ல, வேக வேகமா காட்ற போட்டோதான். நம்மூரு கேமரா ஒரு செகண்டுக்கு இருவத்தஞ்சு போட்டோ எடுக்கும். ஒன் தம்பி கேமரா அமெரிக்காது. அது முப்பது எடுக்கும்."

"ஜாஸ்தியா எடுக்குது. நல்லதுதான?"

"தனியா பாத்தா நல்லதுதான். நம்புளுதோட சேத்து ஒட்டணும் இல்ல?"

"ஒட்டு."

"ஒட்டுனா ஓட மாட்டேங்குது."

"அமெரிக்காகாரன் கண்ணுக்கு மட்டும் இன்னா முப்பது?"

"அங்க கரண்டு அப்டி."

குணசுந்தரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கரண்டுக்கும் கண்ணுக்கும் இன்னாய்யா?" என்று கேட்டாள். அது பகலவனுக்குத் தெரியாது. "அதெல்லாம் டெக்னிக்கல்" என்று சொல்லி வைத்தான்.

இதுவரைக்கும் அவன் சொன்னதெல்லாம் சத்தியம். உண்மையிலேயே அந்த டேப் அவனைப் பாடாய்ப் படுத்தியது. முதல் தடவை, கம்ப்யூட்டர் அந்த முப்பதையும் இருபத்தைந்து என்று நினைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டது. ஒரு மணி நேர டேப் எழுபத்திரண்டு நிமிஷத்துக்கு நீண்டது. சத்தம் மட்டும் அறுபது நிமிஷத்தில் தீர்ந்துபோனது. பகலவன் முதல் ஐந்து நிமிஷத்தையும் கடைசிப் பகுதியையும் மட்டும் ஓட்டிப் பார்த்தான். முதல் ஐந்து நிமிஷத்தில் மதி தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மேடைக்கு நடந்து வந்தாள். கடைசியில், பதினான்காவது பேச்சாளர் பேசி முடித்து, கைதட்டலும் முடிந்து, சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் பன்னிரண்டு நிமிஷம் வாயை மூடாமல் வாழ்த்திக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது தடவை வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். படம் சரியாக ஓடியது. ஆனால் நொடிக்கு ஐந்து தடவை குதித்தது. மணமக்கள் மாலை மாற்றினார்களா, மாலையைத் தூக்கி எறிந்தார்களா என்றே தெரியவில்லை. மூன்றாவது, நான்காவது தடவைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஐந்தாவது தடவை வழி பிடிபட்டது. ஆறு படத்துக்கு ஒரு படம் வீதம் எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் அக்கம்பக்கத்துப் படங்களைக் கொஞ்சம் குழைத்துப் பூசிவிட வேண்டும். முப்பது இருபத்தைந்தாகிவிடும். ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே இருக்கும். குதியும் நிற்கும்.

நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் பகலவன் முதல்முறையாக டேப்பை நடுவிலும் பார்த்தான்.

முப்பத்தோராவது நிமிஷத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் மேடையில் வாழ்த்திக்கொண்டிருந்தார். கேமரா அவரை விட்டுவிட்டு நடந்தது. பின்கட்டுக்கு வந்தது. இலைக் கட்டுகளுக்கு நடுவே புகுந்தது. துண்டும் கரண்டியுமாகத் திரையில் வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் பகலவன் பட்டென்று படத்தை நிறுத்தினான். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

கல்யாணமான பதினோரு வருஷத்தில் குணசுந்தரியைப் பற்றி அவன் நினைத்ததெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்தது. அதுவும் முப்பது பிரேமில், துல்லியமாக.

மாமனார் சிரித்ததை மட்டும் தனியாக எடுத்துவிட முடியுமா என்று பார்த்தான். கிருஷ்ணப்பன் முகம் வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் கரண்டி ஆடியது. கரண்டியை வெட்டினால் மாமனாரின் பாதி முகம் போயிற்று. சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தான். சத்தமில்லாமல் பார்த்தால் மனிதர் சிரிப்பதுபோல் இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அதற்கு மேல் பகலவனுக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வேகமாகத் தள்ளி, பின்கட்டு முடிந்து மறுபடி மேடை தெரியும் இடத்தைப் பிடித்தான். இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. நடுவிலிருந்த பத்து நிமிஷம் போயே போய்விட்டது.

சாயங்காலம் குணசுந்தரி செருப்பைக் கழற்றும்போதே அவன் முந்திக்கொண்டான்.

"குணா, ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி. படம் ஓடிச்சி. ஆனா ஒன் தம்பி டேப்புல பத்து நிமிஷம் அம்பேல்."

"எப்டி?"

"முப்பதுல அஞ்ச தூக்குனாதான இருவத்தஞ்சு? ஆறுல ஒண்ணு. ஒரு மணி நேரத்துல ஆறுல ஒரு பங்கு எவ்ளோ?"

"பத்து நிமிஷம்."

"கரெக்டா பத்து நிமிஷம்! அதான் போச்சி. நைனா சிரிச்சது அதுலதான் கீது போல. இன்னா பண்றது, டெக்னிக்கல்."

கணக்கு அவ்வளவு கச்சிதமாக வந்து விழுந்ததில் அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. குணசுந்தரி கை கால் கழுவிக்கொண்டு வந்து, "போடு, பாக்கலாம்" என்றாள்.

போட்டான். அவள் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். மதி நடந்து வந்தாள். மாலை மாற்றினார்கள். பேச்சாளர்கள் பேசினார்கள். பச்சைச் சட்டைக்காரர் பேசிக்கொண்டே வந்து, "இல்லறம் என்பது" என்று கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு நீலப் புடவை கட்டிய ஒரு அம்மாளாக மாறிவிட்டார்.

"இன்னாய்யா இது? பேசிகினு இருந்த ஆம்பள பொம்பளையா பூட்டாரு?"

"அதான் பிரேம் ரேட்டு."

"ஓ."

படம் முடிந்ததும் அவள் சொன்னாள்: "மதி நடந்து வர்றதுல ஒரு காலடிகூட கொறையல. அந்த தாடிக்காரரு பேச்சுல ஒரு வார்த்தகூட போவல. ஆறுல ஒண்ணு போச்சின்னா எல்லாத்துலயும்தான கொஞ்சம் கொஞ்சம் போயிருக்கணும்?"

"அது... அப்டி இல்ல குணா..."

"ஆறு நூலுக்கு ஒரு நூலு உருவுனா சட்ட சன்னமா பூடும்யா. கை மட்டும் தனியா காணாம போவாது."

வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது போகும்வரை பேச முடியாது. நாற்பது பெட்டி. அவன் வாழ்க்கையில் ரயில்வேக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். நாற்பதாவது பெட்டி போவதற்குள் ஒரு பதில் கிடைத்தது.

"அது துணி. இது டிஜிட்டல்."

"செரி" என்றாள் குணசுந்தரி.

அந்தச் "செரி"யைக் கேட்டதும் அவன் உஷாராகியிருக்க வேண்டும். கம்பெனியில் அவள் ஒரு டெய்லரைப் பார்த்து "செரி" என்று சொன்னால், அந்த டெய்லர் அன்றைக்கே மூட்டையைப் பிரித்து மறுபடி தைக்க உட்கார்ந்துவிடுவார். பகலவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் அவள் இன்னும் இணக்கமாக இருந்தாள். "இத்தினி கஷ்டமான வேல பாக்குற. எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றாள். பகலவனுக்குக் குளிர்ந்துபோயிற்று. பதினோரு வருஷத்தில் அவன் தொழிலை அவள் கஷ்டம் என்று சொன்னதே இல்லை. எந்த ஒயர் எங்கே போகும், எதை அழுத்தினால் டேப் கம்ப்யூட்டருக்குள் ஏறும், எதை அழுத்தினால் சிடியில் எழுதும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"ஏன்யா, தம்பி டேப்ப மட்டும் தனியா சிடில போட்டா, நம்ம டிவில வருமா?"

"பேஷா வரும். இப்ப வர்ற டிவி, பிளேயர் எல்லாம் முப்பதையும் ஓட்டும், இருவத்தஞ்சையும் ஓட்டும். கலக்கும்போதுதான் தகராறு."

"அப்டியா. கலக்கும்போதுதான் தகராறு" என்று அவள் திருப்பிச் சொன்னாள், மனப்பாடம் செய்கிறவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை இன்னொரு ஆச்சரியம். மதியும் மாப்பிள்ளை குமாரவேலும் புனேவுக்குக் குடிபோவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருகிறார்கள், நைனாவும் வருகிறார், அப்போது எல்லோரும் உட்கார்ந்து சிடியைப் பார்ப்பது என்று ஏற்பாடு. "ஒங்க அக்காவையும் கூப்ட்டுகீறேன்" என்றாள் குணசுந்தரி.

பகலவனுக்குக் கையிலிருந்த தோசை நின்றுவிட்டது. அக்கா ரமாபாய் புளியந்தோப்பில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள். மூன்றாம் வகுப்பில் நின்று அதட்டினால் ஐந்தாம் வகுப்பு எழுந்து நிற்கும். பகலவன் இந்த உலகத்தில் பயப்படுவது இரண்டே பேருக்கு. ஒருத்தி எதிரே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ரமாபாய். இந்த இரண்டு பேரும் ஒரு கூரைக்கடியில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது கிடையாது. இன்றைக்கு இவளாகவே கூப்பிட்டிருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? பாசம் என்று அவன் நினைத்தான்.

சனிக்கிழமை காசிமேட்டில் ஒரு படகு இறக்குகிற விசேஷம். விடிகாலையில் போனவன் சாயங்காலம்தான் மீன் வாடையோடு திரும்பினான். குணசுந்தரிக்கு அன்று அரை நாள் வேலை. பகலவன் வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் சூடாக இருந்தது. வெயில் காலம், எல்லாமே சூடாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முன்ரூமில் பாய் விரித்தாயிற்று. கிருஷ்ணப்பன் நாற்காலியில். மதியும் குமாரவேலும் பாயில். ரமாபாய் சுவரோரம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பகலவன் தான் கலந்து செய்த சிடியை எடுத்து உறையோடு குணசுந்தரி கையில் கொடுத்து, "போடு" என்றான், தயாரிப்பாளர் தோரணையில். அவள் பிளேயரில் போட்டாள்.

முதல் காட்சியிலேயே அவனுக்கு ஏதோ இடித்தது. அவன் ஆரம்பத்தில் போட்டிருந்த ரோஜாப்பூவும் மணமக்கள் பெயரும் வரவில்லை. மதி நேரடியாக நடந்து வந்தாள். குதிக்கவில்லை, இழுக்கவில்லை, வெண்ணெயாகப் போனது படம். தொழில்காரன் அல்லவா, இரண்டு நிமிஷத்தில் புரிந்துகொண்டான். இதில் ஆறுக்கு ஒன்று எடுக்கவில்லை. குழைத்துப் பூசவில்லை. இருபத்தைந்தே இல்லை. முழுக்க முழுக்க முப்பது. மச்சான் டேப் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவன் கேமராவில் எடுத்த ஒரு பிரேம்கூட அதில் கிடையாது.

"குணா, இது..."

"தகராறு வேணாம்னு கலக்கல" என்றாள் அவள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரண்ட் போகட்டும் என்று பகலவன் வேண்டிக்கொண்டான். அந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் போவது வழக்கம். அன்றைக்குப் போகவில்லை. முப்பத்தோராவது நிமிஷம் வந்தது. பச்சைச் சட்டைக்காரர் வந்தார். பின்கட்டு வந்தது. துண்டும் கரண்டியுமாகப் பகலவன் வந்தான்.

"தண்ணி வெச்சியா? வெச்சா சொல்ல மாட்டியா? நான் இன்னா ஜோசியமா பாக்குறேன்? ஏய், அந்த அப்பளம், ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டு எடுத்தவன் கை தூக்கு!"

பாயில் மதி விழுந்து விழுந்து சிரித்தாள். குமாரவேல் புது மாப்பிள்ளை என்பதால் முதலில் அடக்கிப் பார்த்து, பிறகு முடியாமல் இருமினான். திரையில் கிருஷ்ணப்பன் தொடையில் தட்டிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த கிருஷ்ணப்பன் தன்னையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நான் இப்டியா சிரிச்சேன்?" என்றார். "பல்செட்டு கயண்டு வந்துச்சிம்மா அன்னிக்கி." சொல்லிவிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டார். குணசுந்தரி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிவியைப் பார்க்கவில்லை.

பத்து நிமிஷம் முடியப் போகிற இடத்தில், பகலவன் தைரியமில்லாமல் தள்ளிவிட்ட இடத்தில், கேமரா மெல்லத் திரும்பியது. பின்கட்டு வாசற்படி தெரிந்தது. படியில் குணசுந்தரி நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, சொம்மா இரு, எனக்கும் சிரிப்பு வருது, கேமரா ஆடுது" என்று அன்பரசன் குரல் கேட்டது.

அன்றைக்கே, அந்த இடத்திலேயே, நின்று பார்த்திருக்கிறாள். ஒரு மாசமாக வாயைத் திறக்கவில்லை. நேரில் பார்த்தவளிடமிருந்து மறைக்கத்தான் அவன் ஆறில் ஒரு பங்கு கணக்குப் போட்டிருக்கிறான்.

"யாரு மாமா அது?" என்றாள் மதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அக்காவையா அப்டி செஞ்ச?"

பகலவன் வாயைத் திறப்பதற்குள் குணசுந்தரி குறுக்கே வந்தாள்.

"நானா? நல்லா பாருடி. நிமிந்து நிக்கிற நிலைய பாரு. கரண்டிய ஸ்கேல் மாதிரி புட்ச்சிகீறத பாரு. 'கை தூக்கு'ன்னு நானா சொல்வேன்? அண்ணிதான் அது! அப்டியே உரிச்சி வெச்ச மாதிரி செஞ்சிகீறாரு. அதான் எனக்கு சிரிப்பு தாங்கல."

"ஆமாம்மா! டீச்சரம்மாவேதான்!" என்று கிருஷ்ணப்பன் மறுபடி தொடையைத் தட்டினார்.

ரமாபாய் சிரிக்கவில்லை. அவன் ஒன்பது வயதில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படித் தம்பியைப் பார்த்தாள்.

"பகலு. நானா அது?"

பகலவன் அக்காவைப் பார்த்தான். நீ இல்லை அக்கா, சத்தியமாக நீ இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுத்த கேள்வி என்ன என்பதும் கூடவே தெரிந்தது: அப்படியானால் யார்? அவன் குணசுந்தரியைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"சொல்லுய்யா, அண்ணி கேக்குறாங்க இல்ல? அண்ணியா, நானா?"

மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது.

"சொம்மா... தமாசுக்குதான்க்கா" என்றான் பகலவன், பாயைப் பார்த்துக்கொண்டு.

ரமாபாய் எழுந்து புடவையை உதறிச் சரி செய்துகொண்டாள். வந்த மரியாதைக்கு நின்றவாக்கிலேயே ஒரு வாய் பாயசம் குடித்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா" என்றாள் தம்பியிடம். "நீ மட்டும் வா." செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் சந்து திரும்பியதும் கிருஷ்ணப்பன், "அந்த அப்பளத்த இன்னொரு வாட்டி போடும்மா" என்றார்.

சமையலறைக்குள் பகலவன் மனைவி பின்னாலேயே போனான்.

"குணா, உண்மைய சொல்லு. அது யாருன்னு ஒனக்கு தெரியாது?"

"ஏன் தெரியாம? பாத்த ஒடனே தெரியும். என் கையி, என் இடுப்பு, என் கொரலு. அந்தக் கீச்சுக் கொரலுதான் கொஞ்சம் ஓவரு."

"அப்புறம் இன்னாத்துக்கு அக்கா பேர இயுத்த?"

குணசுந்தரி சாதத்தைக் கிளறி, ஆவி போகட்டும் என்று தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ஒங்க அக்காவுக்கு ஜாஸ்தி பயப்படுறியா, எனக்கு ஜாஸ்தி பயப்படுறியான்னு பதினோரு வருசமா எனக்கு ஒரு சந்தேகம்யா. இன்னிக்கி தீந்து போச்சி. போ, கைய கயுவிக்கினு வா."

பகலவன் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.